கேட்டால் வேலை போய்விடுமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கையில் 17,000 ரூபாய் வருகிறது. கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துகிறவர்கள், கணக்காளர் வேலைக்கு மாதம் 22,000 ரூபாய் சி.டி.சி. என்று கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். கூடுதலாகக் கேட்க ஆசை. ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்யும் அப்பாவோ, "வந்த லட்சுமியைப் பேரம் பேசி விரட்டாதே" என்கிறார். என்ன செய்யட்டும் அம்மா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அன்பு மகளே, முதலில் உன் அப்பாவிடம் ஒரு கேள்வி. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிப் பூப்போடும் முன்பு, கல்லுக்கு என்ன கூலி என்று பேசாமல் அவர் கையை நனைப்பாரா? தனக்குப் பேசுகிறவர் மகளை மட்டும் வாயை மூடச் சொல்கிறார். பாசம்தான், தெரிகிறது, ஆனாலும் நியாயமில்லை.

இந்த ஊருக்குச் சம்பளம் பேசுவது புதிதும் அல்ல. செட்டியார் கடைகளைப் பார்த்துக்கொள்ள பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய ஏஜெண்டுகள், மூன்று வருடக் கணக்குக்கு இவ்வளவு சம்பளம், இவ்வளவு முன்பணம் என்று சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கிளம்பினார்கள். நீ வேலைக்குப் போகப்போகும் வீடே அந்தப் பணத்தில் எழும்பியதாக இருக்கலாம்!

இனி கணக்கு. 22,000 சி.டி.சி. என்பது உனக்காக ஹோட்டல்காரர்கள் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 11,000 என்று வைத்துக்கொள். அதில் 12 சதவீதம், அதாவது 1,320 ரூபாய், பி.எஃப்.புக்கு அவர்கள் பங்கு. உன் பங்கும் அதே அளவு. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு மாத ஊதியத்தில் அவர்கள் 3.25 சதவீதம், நீ 0.75 சதவீதம். இவ்வளவும் அந்த 22,000-க்குள்ளேயே அடங்கியிருந்தால் கையில் நிற்பது 18,500-ஐ ஒட்டித்தான். ஐயாயிரம் கூடுகிறது என்று நினைத்திருப்பாய்; கூடுவது ஆயிரத்து ஐந்நூறு. பி.எஃப். உன் சேமிப்புதான், வீண்போகாது. இப்போதைய கடையில் அதைப் பிடிக்கிறார்களா என்று நீ எழுதவில்லை. கணக்கு எழுதுகிறவளே இதை விட்டுவிட்டால் எப்படி?

ஆகவே கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் தொலைபேசியில் பேசு. "வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்கும் நானே பார்ப்பேன். 25,000 எதிர்பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள். (ஜி.எஸ்.டி. தெரியும் என்றால் மட்டும் சொல்.) எதிர்முனையில் பேச்சில்லை என்றால் நமக்கு உடனே வாய் துறுதுறுக்கும், "இல்லை சார், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று நாமே இறங்கி வருவோம். பாதிப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான். இன்னோர் இடத்திலும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கதை மட்டும் விடாதே. காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவே பொய் ஒரு நாள்கூடத் தாங்காது.

24,000 என்றால் எனக்குத் திருப்திதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் பங்குகள் போக மிஞ்சும் மாத ஊதியம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது; 22,000-இல் அது 20,000-ஐ ஒட்டி நிற்கும், 24,000-இல் தாண்டிவிடும். உன் வருமானத்தை நம்பியிருக்கும் பெற்றோருக்கும், வருமான வரம்புக்கு உட்பட்டு, சிகிச்சை தரும் ஏற்பாடு அது. சிமெண்டிலும் மணலிலும் கைவைத்து உழைக்கும் அப்பாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. சம்பளம் கூடினால் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்று அதே மூச்சில் கேட்டுவிடு.

22,000-க்கு மேல் ஒரு ரூபாய்கூட முடியாது என்றால்? ஆறு மாதத்தில் சம்பளத்தை மறுபடி பார்ப்பதாகக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல். வாய்வார்த்தையை நான் நம்பமாட்டேன். மதியச் சாப்பாடு அங்கேயே உண்டா என்றும் கேள். டிசம்பர், ஜனவரியில் அறைகள் நிறைந்திருக்கும்போது இரவுக் கணக்கு முடிய நேரமாகிவிடும். கடைசி பஸ் போய்விட்டால் உன்னை வீட்டில் கொண்டுவந்து விடுவது யார் பொறுப்பு என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.