வாசகர் கேள்வி-பதில்: மோட்சத்தை நம்புகிறவர் வலிமருந்து எடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 71. தெல்லிப்பழையில் புற்றுநோய்க்குக் காட்டி, இப்போது வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். மோர்பின் பாணி தந்திருக்கிறார்கள். "ஆண்டவர் படாத பாடா? ஒப்புக்கொடுத்தால் மோட்சத்தில் பலன்" என்று குடிக்க மறுக்கிறா. பார்க்க வருகிறவர்களும் அதற்கு ஆமாம் போடுகிறார்கள். இரவில் முனகல் கேட்கப் பொறுக்கவில்லை.
– மகள், இளவாலை

பதில்: அம்மாவின் பக்தியோடு வாதாட வேண்டாம். பாடுகளைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பதற்குக் கொலோசையர் 1:24 ஆதாரமாக இருக்கிறது. ஆனால் அது கடமையல்ல. 1957 பெப்ரவரியில் மயக்கமருந்து வைத்தியர்கள் பாப்பரசர் 12ஆம் பயஸிடம் இதையேதான் கேட்டார்கள். வலியைத் தணிக்கலாம், சாவு நோக்கமாக இல்லாதவரை மருந்தால் ஆயுள் சற்றுக் குறைய நேர்ந்தாலும் தகும் என்றார் அவர். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2279ஆம் எண்ணும் அதையே சொல்கிறது. விரும்பி வலியை ஏற்பது அம்மாவின் உரிமை. வந்து போகிறவர்களுக்கு அதை அவ மேல் சுமத்த உரிமையில்லை.

மாற்கு 15:23ஐ யாராவது எடுத்துக் காட்டுவார்கள்: வலி மரக்கக் கொடுத்ததாகக் கருதப்படும், வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை இயேசு மறுத்தார். உண்மைதான். பிறகு சிலுவையில் தாகம் என்று சொல்லி, கொடுத்த புளித்த இரசத்தைக் குடித்தார் என்று யோவான் 19:28-30 சொல்கிறதே!

"ஒப்புக்கொடுக்கிறேன்" என்பதற்குப் பின்னால் பல வேளை வேறு பயம் இருக்கும். போதைக்கு அடிமையாவோமா, செபமாலை சொல்லும்போது தூங்கிவிடுவோமா என்று. மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். புற்றுநோய் வலிக்கு அளவோடு எடுப்பவர் அடிமையாவது அரிது. தூக்கக் கலக்கம் பெரும்பாலும் முதல் சில நாள்களோடு குறையும். மலச்சிக்கல் அப்படிக் குறையாது. வயிறு இளக்கும் மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். பாணியைப் பொதுவாக 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுப்பார்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு கொடுத்தால் வழக்கமான அளவு போதாது, "மருந்து வேலை செய்யவில்லை" என்று வீட்டார் கைவிடுவார்கள். அளவை நீங்களாகக் கூட்டவேண்டாம். எழுப்ப எழும்பாமல், மூச்சு மிக மெதுவாக வந்தால் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

செபத்தை மருந்து கொடுத்து அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் கழித்து வையுங்கள். வலி தணிந்திருக்கும் நேரம் அது. நீளமாக வேண்டாம். யோவான் 14:1-3ஐக் காதருகில் நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். திருவெளிப்பாடு 21:4 கடவுள் ஒழிக்கப்போகிறவற்றுள் சாவோடும் அழுகையோடும் துன்பத்தையும் சேர்க்கிறது. வலிதான் மோட்சத்துக்கு நுழைவுக் கட்டணம் என்று நினைக்கும் அம்மாவுக்கு இந்த வசனம்தான் மருந்து. இக்காலத் துன்பங்கள் வரப்போகும் மகிமைக்கு ஈடாகா என்னும் உரோமையர் 8:18ஓடு நிறுத்திவிடுகிறார்கள் நம்மவர்கள்; முனகும் இரவில் அதே அதிகாரத்தின் 22-26ஐ வாசியுங்கள். அங்கே படைப்பும் முனகுகிறது, தூய ஆவியாரும் பெருமூச்சு விடுகிறார்.

வருகிறவர்கள் இரண்டிரண்டு பேராக, பத்து நிமிடம் போதும். மோட்சப் பேச்சை அம்மா எடுத்தால் தொடரட்டும். அவர்களாக எடுத்தால் வழியனுப்புவது போலிருக்கும்.

கேள்வி: நோயில் பூசுதல் (நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) கொடுத்தால் ஆள் முடிந்துவிடும் என்று ஆச்சி சுவாமியைக் கூப்பிட விடுகிறா இல்லை.
– குருநகர் வாசகர்

பதில்: "அவஸ்தைப் பூசுதல்", அதாவது சாகும் வேளைப் பூசுதல், என்ற பழைய பெயர் தந்த பயம் இது. 1972இல் பாப்பரசர் 6ஆம் பவுல் இந்தச் சடங்கைத் திருத்தினார். கடும் நோயாளருக்கும் தளர்ந்த முதியோருக்கும் உரியது. நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார்கள். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். பேச்சு நிற்கும்வரை காத்திருந்தால் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) தவறிப்போகும். சிறு மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசுவின் உருவமுள்ள சிலுவை), மெழுகுதிரி, ஒரு கரண்டியோடு தண்ணீர் வையுங்கள். ஒட்சிசன் கொடுத்தால் மெழுகுதிரி கூடாது. விழுங்கக் கஷ்டம் என்றால் சுவாமியிடம் முன்பே சொல்லுங்கள், சிறு துண்டு நன்மை (நற்கருணை அப்பம்) போதும். நோயாளிக்கும் பராமரிப்பவருக்கும் நன்மைக்கு முந்தைய ஒரு மணித்தியால உபவாசம் கட்டாயமில்லை.

கேள்வி: உயிர்த்தெழுந்தவர்கள் கலியாணம் செய்வதில்லை என்னும் மத்தேயு 22:30 வாசித்ததிலிருந்து, மோட்சத்தில் கணவரை அடையாளம் காண்பேனா என்று கவலை.
– ஊர்காவற்றுறை வாசகி

பதில்: அங்கே இல்லையென்று சொல்லப்பட்டது கலியாணம் மட்டும்தான். உயிர்த்த இயேசு "மரியா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மகதலா மரியா அவரை அறிந்துகொண்டா. யோவான் 20:16ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள்.