ஸ்பானிஷில் 'ப்ரோப்ளேமா' ஏன் ஆண்பால்?

கேள்வி: ஸ்பானிஷ் படிக்கிறேன். 'ஆ'வில் முடியும் சொல் பெண்பால் என்றார்கள். 'ப்ரோப்ளேமா' (பிரச்சினை) என்ற சொல்லுக்கு முன்னால் பெண்பாலுக்குரிய 'லா' போட்டு 'லா ப்ரோப்ளேமா' என்று எழுதினால், ஆண்பாலுக்குரிய 'எல்' போட்டு 'எல் ப்ரோப்ளேமா' என்று திருத்துகிறார்கள். இந்த மாதிரிச் சொற்களை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: அந்த 'ஆ' ஸ்பானிஷின் பெண்பால் விகுதியே இல்லை, கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ப்ரோ' என்றால் முன்னால், 'பாலெயின்' என்றால் எறிவது. நம் முன்னால் தூக்கிப் போடப்பட்டது எதுவோ அதுதான் ப்ரோப்ளேமா. கிரேக்கத்தில் வினையோடு 'மா' சேர்த்து உருவாக்கிய இத்தகைய பெயர்கள் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, மூன்றாவது ஒரு பால். லத்தீனிலும் அந்த மூன்றாம் பால் இருந்ததால் சொல் அப்படியே அங்கே போய் உட்கார்ந்தது. ஆனால் பேச்சு லத்தீன் ஸ்பானிஷாக மாறியபோது பெயர்ச்சொற்களில் அந்தப் பாலே அழிந்து, அதிலிருந்த பலவும் ஆண்பாலில் சேர்ந்தன (லத்தீன் 'டெம்ப்ளும்', ஸ்பானிஷில் 'எல் தெம்ப்ளோ'). ப்ரோப்ளேமாவும் அந்தப் பக்கம்தான் போனது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லைப் பெயரடையாக்கிப் பாருங்கள். கிரேக்கத்தில் இந்தச் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது ஒரு 'த்' எட்டிப் பார்க்கும்: ப்ரோப்ளேமா, ப்ரோப்ளேமதோஸ். அதே 'த்' ஸ்பானிஷில் இன்றும் 'ப்ரோப்ளெமாதிகோ'வில் இருக்கிறது. சிஸ்தேமா, சிஸ்தெமாதிகோ, இதியோமா, இதியோமாதிகோ, க்ளீமா, க்ளிமாதிகோ. எல்லாம் 'எல்'தான். (க்ளீமாவுக்குக் கிரேக்கத்தில் சரிவு என்று பொருள். நிலநடுக்கோட்டிலிருந்து துருவம்வரை பூமி சரிந்திருப்பதாக எண்ணி அதைப் பட்டைகளாகப் பிரித்தார்கள், பிறகு அந்தந்தப் பட்டையின் வானிலைக்கே அது பெயராகிவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது.)

ஃபோர்மா, ப்ளூமா போன்றவை லத்தீனிலேயே பெண்பால், அவற்றில் 'த்' வராது, 'லா' போடுங்கள்.

ஆனால் இந்தச் சோதனை முழுக்கக் கைகொடுக்காது. 'ஃப்ளேமா', அதாவது சளி, கிரேக்கச் சொல்தான், 'ஃப்ளெமாதிகோ'வும் உண்டு, ஆனாலும் 'லா ஃப்ளேமா'. 'தியதேமா'வும் 'லா'தான். 'ஆ' என்று கேட்டதும் பெண்பாலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த மாதிரிச் சிலவற்றில் நிலைத்துவிட்டது. இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், எண்ணிக்கை குறைவு.

அப்புறம், பெயரடையையும் கவனியுங்கள். 'உன் ப்ரோப்ளேமா செரியோ' (ஒரு தீவிரமான பிரச்சினை) என்று ஆண்பால் வடிவம்தான் வரும், பெண்பால் வடிவமான 'செரியா' வராது. 'எல்' சரியாகப் போட்டவர்கள்கூட இங்கேதான் சறுக்குகிறார்கள்.