சின்னவனுக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி: என் மூத்த மகன் கோவையில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், ஹாஸ்டல் வாசம். லீவுக்கு வந்தபோது துவைக்கத் துணி எடுக்கலாம் என்று அவன் பையைத் திறந்தேன். தடித்த பேனா மாதிரி ஒன்று, மாம்பழ வாசனையோடு இருந்தது. ஒன்பதாவது படிக்கும் சின்னவன்தான், “இது வேப்மா, இழுத்தா அடியில நீல லைட் எரியும்” என்று சொன்னான். பெரியவனைக் கேட்டால், “புகையிலையே கிடையாதும்மா, வெறும் ஆவி. ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் இருக்கு” என்கிறான். அவன் அப்பா கோபக்காரர், தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார். அவருக்குத் தெரியாமல் நானே இவனைத் திருத்த முடியாதா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: சகோதரி, கடிதம் முழுக்கப் பெரியவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சின்னவனுக்கு ஒரே ஒரு வரி. எனக்குப் பகீர் என்றது அந்த வரியில்தான்.

வேப் என்பது மின்-சிகரெட். இந்தக் கருவிகள் பலவற்றில் சுவிட்சே இருக்காது. உள்ளே சென்சார் இருக்கும். வாயில் வைத்து உறிஞ்சினால்தான் விளக்கு எரியும், சும்மா கிடந்தால் வெறும் பிளாஸ்டிக். அப்படியானால் சின்னவன் அது எரிந்ததைப் பார்த்திருக்கிறான். அண்ணன் இழுத்தபோது பக்கத்தில் இருந்தானா, இல்லை அவனே இழுத்துப் பார்த்தானா? போனில் ஏதாவது வீடியோ பார்த்திருப்பான் என்று நீங்களாகவே சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். லைட் எந்தப் பக்கம், என்ன நிறம் என்பது வரை பிள்ளை சொல்கிறான். “உனக்கெப்படிடா தெரியும்?” என்று பெற்றவளுக்குக் கேட்கத் தோன்ற வேண்டாமா? இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பாடு போட்டுவிட்டுக் கேளுங்கள். அடிக்க வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். ஆனால் பதில் வரும்வரை விடாதீர்கள்.

“வெறும் ஆவி” என்ற கதையை இன்னும் எத்தனை அம்மாக்கள் நம்பப் போகிறீர்களோ! புகையிலைத் தூள் அதில் இல்லைதான். ஆனால் புகையிலையில் ஆளை அடிமையாக்குவது எதுவோ, அந்த நிகோடின் இருக்கிறது. அட்டையில் 5% என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் திரவத்தில் ஒரு மில்லிக்குச் சுமார் 50 மில்லிகிராம் நிகோடின். விற்பனைக்கு அனுமதி இருக்கிற பிரிட்டனில்கூட 20-ஐத் தாண்டக் கூடாது என்பது சட்டம். முதல் சிகரெட்டில் வரும் இருமலும் எரிச்சலும்தான் பல பையன்களை அத்தோடு நிறுத்தும். இதில் நிகோடினை உப்பு வடிவில் சேர்ப்பதால் தொண்டை அவ்வளவாக எரிவதில்லை. மாம்பழ வாசனை வேறு. மனித மூளை முழுதாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. அதற்குள் பழகினால் பிடி இறுகிவிடும். இருபது வயதுக்காரனுக்கே இப்படி என்றால் ஒன்பதாவது படிக்கிறவனை நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு 2018-லேயே தடை வந்துவிட்டது. 2019-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. விற்றால் முதல் தடவையே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். ஹாஸ்டலில் எல்லாரிடமும் இருக்கிறதென்றால் யாரோ கொண்டுவந்து விற்கிறான். அது உங்கள் மகன் இல்லையே? யாரிடம் வாங்கினான், காசு ஏது என்று கேட்டீர்களா?

கணவருக்குத் தெரியாமல் என்ற பேச்சை இத்தோடு விடுங்கள். அப்பா கோபக்காரர் என்று சொல்லியே அம்மாக்கள் மூடி மறைத்துக் கைமீறிப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அம்மாவைச் சரிக்கட்டினால் போதும் என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். இன்று ராத்திரி பிள்ளைகள் படுத்த பிறகு அவரிடம் சொல்லுங்கள். படிப்பில் கை வைக்கக் கூடாது என்பதையும் அப்போதே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பெரியவன். விட ஆரம்பித்தால் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், புத்தகத்தில் மனம் ஒட்டாது. முதல் வாரம்தான் கடுமை, சில வாரங்களில் தணியும். புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது. உங்கள் எதிரிலேயே அவனைப் பேசச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், தம்பி எதிரில் அதை எடுத்தானா, அவன் கையில் கொடுத்தானா என்பதற்கு அவன் உங்கள் இருவர் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும். தகப்பனுக்கு அடுத்த பொறுப்பு மூத்தவனுக்கு என்று நம்புகிறவள் நான். தம்பியை உட்காரவைத்து, “நான் செய்தது தப்பு, இதைத் தொடாதே” என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். நீங்களும் கணவரும் பக்கத்தில் இருங்கள்.