ஆங்கிலக் கால்பந்து லீக்குகளில் ஆடும் ஒரு டிஃபென்டரின் தொழில் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "ஸ்ட்ரைக்கர்களின் கதை எல்லாருக்கும் தெரிகிறது, பின்னால் நிற்பவர்களின் கதை மட்டும் ஏன் யாருக்கும் தெரிவதில்லை?"

பொதுவாகப் பதில் சொல்லப் போனால் சப்பென்று இருக்கும். ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். வெஸ் மார்கன். 2016இல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் ஜெயித்தபோது கோப்பையைத் தூக்கினாரே, அந்தக் கேப்டன். லெஸ்டர் என்றதும் நம் ஆட்கள் வார்டி, மாரெஸ், கான்டே என்று மூன்று பேரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள், கொஞ்சம் விவரமானவர் என்றால் பயிற்சியாளர் ரனியேரியையும் சேர்ப்பார். அந்த சீசனில் 38 ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் ஆடிய மார்கனின் பெயர் ஐந்தாவதோ ஆறாவதோதான் வரும்.

எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரியில் நானும் ஸ்டாப்பர்தான். ஸ்டாப்பர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், ஓடத் தெரியாதவனை எங்கே நிறுத்துவது என்று யோசித்துக் கடைசியில் நிறுத்துகிற இடம். ஒரு ஆட்டத்தில் முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது எதிரணிப் பையன் எங்கள் கோலுக்கு முன்னால் இருக்கிற பெனால்டி பாக்ஸுக்குள் பந்தோடு வந்தான், நான் பதறிப்போய்க் காலை நீட்டினேன், அவன் அதற்காகவே காத்திருந்தவன் போல விழுந்தான். பெனால்டி, தோல்வி. எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் திட்டவில்லை, "நீ ஏன்டா அவன்கிட்ட போற? அவன் உன்கிட்ட வரட்டும்னு நில்லு" என்றார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பல வருடம் கழித்து மார்கன் ஆடுவதைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

சரி, கதைக்கு வருவோம். மார்கன் 1984 ஜனவரியில் நாட்டிங்ஹாமில் பிறந்தவர், ஜமைக்க வம்சாவளி. சிறுவனாக நாட்ஸ் கவுண்டி கிளப்பில் பயிற்சியில் இருந்தார். 15 வயதில் "நீ வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தில் இது தினசரி நடக்கிற சங்கதி. கிளப்புகள் ஏழெட்டு வயதிலேயே பையன்களைச் சேர்த்துக்கொள்ளும், வருடா வருடம் கழித்துக்கட்டிக்கொண்டே வரும், கடைசியில் தொழில்முறை ஒப்பந்தம் கிடைப்பது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான். பெரும்பாலானவர்களின் கால்பந்து வாழ்க்கை அந்த 15, 16 வயதிலேயே முடிந்துபோகும். மார்கன் டன்கர்க் என்ற உள்ளூர்ச் சின்னக் கிளப்பில் ஆடப் போனார், அங்கிருந்து 2002இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரைச் சேர்த்துக்கொண்டது. உடனே முதல் அணியில் இடமில்லை. 2003இல் கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸுக்குக் கடனாக அனுப்பினார்கள், நாலாம் அடுக்கு.

இங்கே அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. மேலே பிரீமியர் லீக், 20 அணிகள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92 கிளப். நன்றாக ஆடினால் மேல் அடுக்குக்கு ஏறலாம், மோசமாக ஆடினால் கீழே இறங்க வேண்டும். கீழே உள்ள மூன்றிலும் ஒரு சீசனுக்கு 46 லீக் ஆட்டம், கோப்பை ஆட்டங்கள் தனி. சனிக்கிழமை ஆடிவிட்டு செவ்வாய் இரவு இன்னொரு ஊரில் மழையில் மறுபடி ஆடுவார்கள், திரும்பவும் சனிக்கிழமை. இந்த இடத்தில் சென்டர் பேக்கின், அதாவது கோலுக்கு முன் நடுவில் நிற்கிற டிஃபென்டரின், வேலை என்ன என்றால், எதிரணி கீப்பர் வானத்துக்கு உதைக்கிற பந்தை, தன்னைவிட இரண்டு அங்குலம் உயரமான ஒருவன் முழங்கையால் கழுத்தில் இடித்துக்கொண்டிருக்கும்போதே எம்பித் தலையால் முட்ட வேண்டும். ஒரு ஆட்டத்தில் இருபது முப்பது தடவை. வருடத்துக்கு நாற்பத்தைந்து ஆட்டம். டிவியில் பார்க்கிற பிரீமியர் லீக் பளபளப்பு இங்கே கிடையாது.

மார்கன் ஃபாரஸ்டில் ஏறக்குறைய பத்து வருடம் இருந்தார், நானூறு ஆட்டத்துக்கு மேல். அந்த ஃபாரஸ்ட் சாதாரணக் கிளப் இல்லை, 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பையை அடுத்தடுத்து ஜெயித்த கிளப். ஆனால் மார்கன் இருந்த காலம் அதன் கெட்ட காலம். 2005இல் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது, ஐரோப்பியக் கோப்பை ஜெயித்த ஒரு கிளப் தன் நாட்டு லீக்கில் மூன்றாம் அடுக்குக்கு விழுந்தது அதுதான் முதல் தடவை. மேலே வர மூன்று வருடம் ஆயிற்று. 2008இல் சாம்பியன்ஷிப்புக்கு ஏறினார்கள். 2010, 2011 இரண்டு வருடமும் பிரீமியர் லீக்குக்கு ஏறும் கடைசி இடத்துக்காக நடக்கிற பிளே-ஆஃபில் அரையிறுதி வரை போய்த் தோற்றார்கள், முதலில் பிளாக்பூலிடம், அடுத்து ஸ்வான்சியிடம். அந்த இரண்டு அணிகளுமே அந்தந்த வருடம் மேலே போயின, மார்கன் அதே இடத்தில் நின்றார்.

ஒரு டிஃபென்டரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். யாரும் எழுத மாட்டார்கள், எழுதவும் ஒன்றுமில்லை. 26, 27 வயதில் ஒரு ஸ்ட்ரைக்கர் 20 கோல் போட்டால் மேல்தட்டுக் கிளப் தூக்கிக்கொண்டு போகும். டிஃபென்டர் 20 கோலைத் தடுத்தால் அதைக் காட்ட என்ன கணக்கு இருக்கிறது?

2012 ஜனவரியில், 28 வயதில், பக்கத்து ஊர் எதிரிக் கிளப்பான லெஸ்டருக்குப் போனார். அதுவும் சாம்பியன்ஷிப்தான். விலை சுமார் 10 லட்சம் பவுண்டு என்று அப்போது பேசப்பட்டது, கால்பந்துக் கணக்கில் சில்லறை. பயிற்சியாளர் நைஜல் பியர்சன் அவரையே கேப்டன் ஆக்கினார். 2013 மே மாதம் மறுபடி பிளே-ஆஃப் அரையிறுதி, வாட்ஃபோர்டோடு. தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் கடைசி மூச்சில் லெஸ்டருக்குப் பெனால்டி, போட்டிருந்தால் இறுதி ஆட்டம். லெஸ்டரின் நாக்கேர் அடித்ததை வாட்ஃபோர்ட் கீப்பர் அல்முனியா தடுத்தார், திரும்பி வந்ததையும் தடுத்தார், பந்து அப்படியே மறுமுனைக்குப் போய் இருபது விநாடியில் வாட்ஃபோர்டின் டீனி கோல் போட்டுவிட்டார். பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள், இரக்கமே இல்லாத இருபது விநாடி. அடுத்த சீசனில் 102 புள்ளிகளோடு லெஸ்டர் சாம்பியன்ஷிப்பை ஜெயித்து நேரடியாக மேலே ஏறியது. ஆக, மார்கன் முதன்முதலாகப் பிரீமியர் லீக்கில் ஆடும்போது வயது 30. இந்த வயதில் பல பேர் கீழே இறங்கத் தொடங்கியிருப்பார்கள்.

முதல் வருடம் கிறிஸ்துமஸ் அன்று லெஸ்டர் கடைசி இடம். கடைசி 9 ஆட்டத்தில் 7 ஜெயித்துக் கீழே இறங்காமல் தப்பித்தார்கள். அடுத்த வருடம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், சூதாட்ட நிறுவனங்கள் 5000க்கு 1 என்று கொடுத்த அணி. ஆனால் அதைத் தடுப்புப் பக்கமிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும், அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் 9 ஆட்டத்தில் லெஸ்டர் வாங்கிய கோல் 17. ஒரு ஆட்டத்தில்கூடக் கோல் வாங்காமல் இருந்ததில்லை. ஆர்சனல் அவர்கள் மைதானத்துக்கே வந்து 5 அடித்தது. அதன் பிறகு ரனியேரி இரண்டு பக்கத்து பேக்குகளையும் மாற்றினார், வலது பக்கம் சிம்ப்சன், இடது பக்கம் ஃபுக்ஸ். முன்னால் பாய்ந்து பாய்ந்து போகிற ஆட்களுக்குப் பதில் வீட்டிலேயே இருக்கிற ஆட்கள். ஒரு ஆட்டம் கோல் வாங்காமல் முடித்தால் எல்லாருக்கும் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று வேறு சொல்லிவைத்திருந்தார், பத்தாவது ஆட்டத்தில் கிறிஸ்டல் பேலஸை 1-0 என்று ஜெயித்ததும் கூட்டிக்கொண்டு போனார். (போன இடத்தில் பீட்சாவை அவர்களையே செய்ய வைத்தார், அது தனிக் கூத்து.) மீதி 29 ஆட்டத்தில் வாங்கிய கோல் மொத்தமே 19.

இதில் மார்கனுக்கும் அவரோடு நின்ற இன்னொரு சென்டர் பேக் ராபர்ட் ஹுத்துக்கும் என்ன பங்கு என்றால், இருவருக்கும் வேகம் கிடையாது, அது அவர்களுக்கும் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும். அதனால் பாக்ஸை விட்டு வெளியே அதிக தூரம் வரவே மாட்டார்கள். பந்து பெரும்பாலும் எதிரணியிடம்தான் இருக்கும், வைத்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். பக்கவாட்டிலிருந்து கிராஸ் போடு, போட்டால் இங்கே இரண்டு மதில் நிற்கிறது. மார்கன் ஆடுவதைத் தனியாகக் கவனித்தீர்கள் என்றால் முதலில் ஒன்றுமே செய்யாதது மாதிரி இருக்கும். எதிரணி விங்கர் ஓரமாகப் பந்தோடு ஓடுவான், இவர் துரத்த மாட்டார். பின்பக்கமாக இரண்டு அடி, பக்கவாட்டில் ஒரு அடி, கையை நீட்டித் தன் ஆள் எங்கே நிற்கிறான் என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார், அப்புறம் கிராஸ் வரும், அது நேராக அவர் தலைக்கே வரும். தற்செயல் என்றுதான் முதலில் நினைப்போம். பத்து ஆட்டம் பார்த்தால்தான், பந்து விழப்போகிற இடத்துக்கு அவர் முன்கூட்டியே போய் நிற்கிறார் என்று பிடிபடும். அந்த நிற்றல் நாலாம் அடுக்கிலும் மூன்றாம் அடுக்கிலும் இரண்டாம் அடுக்கிலும் பன்னிரண்டு வருடம் முட்டிய பந்துகளிலிருந்து வந்தது. வேகத்தை நம்பி ஆடுகிற டிஃபென்டர் முப்பதைத் தாண்டியதும் தடுமாறுவார், இவருக்கு இழக்க வேகமே இல்லை.

அந்த வசந்த காலத்தில் வரிசையாக நாலு ஆட்டம் 1-0. வாட்ஃபோர்ட், நியூகாசில், கிறிஸ்டல் பேலஸ், சவுத்தாம்ப்டன். நாலாவதில் கோல் போட்டவரே மார்கன்தான், ஃபுக்ஸின் கிராஸை முட்டினார். (கிளப் முதலாளி விச்சையின் பிறந்தநாள் அடுத்த நாள் என்பதால் அன்று ரசிகர்களுக்கு இலவச பியரும் டோனட்டும்.) அப்புறம் மே 1, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் எட்டாவது நிமிடத்தில் முன்னிலை, பத்து நிமிடம்கூட ஆகவில்லை, டிரிங்க்வாட்டரின் ஃப்ரீ கிக்கை மார்கன் தலையால் உள்ளே தள்ளினார், 1-1. மறுநாள், போட்டியில் மிச்சமிருந்த ஒரே அணியான டாட்டன்ஹாம் 2-0 என்று முன்னிலையில் இருந்து செல்சியிடம் 2-2 ஆனதும் லெஸ்டர் சாம்பியன். நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் அந்த ஆட்டம் தொடங்கியது, செல்சியின் ஹசார்ட் சமன் செய்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன், பக்கத்து அறையில் அப்பா எழுந்து வந்து "என்னடா ஆச்சு, யாருக்கு என்ன?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

பிரீமியர் லீக் ஜெயித்த அணியில் ஒரு நிமிடம் விடாமல் ஆடிய வெளிக்கள வீரர்கள் அதற்கு முன் இரண்டே பேர், 1992-93இல் கேரி பாலிஸ்டர், 2014-15இல் ஜான் டெர்ரி. மூன்றாவது ஆள் 15 வயதில் கழித்துவிடப்பட்டவர்.

இதெல்லாம் சந்தோஷமான பகுதி. இந்தத் தொழிலில் மற்ற பகுதியும் உண்டு. ஒன்பது மாதத்தில் ரனியேரியை வேலையிலிருந்து தூக்கினார்கள். அந்த நேரத்தில் வீரர்கள் மேல் விழுந்த வசவு கேப்டன் மேலும் விழுந்தது. மூன்று வாரம் கழித்துச் சாம்பியன்ஸ் லீகில் செவில்லாவுக்கு எதிராக முதல் கோல் போட்டதும் மார்கன்தான், தலையால்கூட இல்லை, ஃப்ரீ கிக் வந்து காலில் பட்டு உள்ளே போனது. கால் இறுதி வரை போனார்கள். 2018 அக்டோபரில் மைதானத்துக்கு வெளியே ஹெலிகாப்டர் விழுந்து விச்சை உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்த வாரமே கார்டிஃபுக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. ஆடினார்கள், ஜெயித்தார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, அதாவது இவர்கள் கதை ஏன் தெரிவதில்லை என்பதற்கு, மார்கனுடைய கடைசி சீசனே பதில். 2020-21 முழுக்க முதுகுக் காயம், பெரும்பாலும் ஆடவில்லை, வயது 37. மே 15, வெம்பிளி, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், எதிரே செல்சி. லெஸ்டர் அதற்கு முன் நாலு தடவை இறுதிக்குப் போய் நாலிலும் தோற்ற கிளப். லெஸ்டரின் டீலமன்ஸ் தூரத்திலிருந்து அடித்த ஒரே அடியில் 1-0. எண்பது நிமிடத்துக்கு மேல் ஆனதும், தாக்குப்பிடிக்க ஆள் வேண்டும் என்று மார்கனை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் செல்சியின் சில்வெல், இவரும் பழைய லெஸ்டர்க்காரர்தான், பின்னாலிருந்து ஓடிவந்து பந்தைத் தொட்டார், லெஸ்டர் டிஃபென்டர் சொயுஞ்சு பதறி அடித்ததில் பந்து மார்கன் மேல் பட்டு லெஸ்டரின் வலைக்குள்ளேயே போய்விட்டது. செல்சி ஆட்கள் மூலைக்கு ஓடிக் குதிக்கிறார்கள். இருபது வருடம் ஆடியவர், கடைசிக் கோப்பை, பத்து நிமிட வேலைக்காக உள்ளே வந்தவர், அவர் மேல் பட்ட பந்து.

அப்புறம் வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ நடுவர் பதிவைப் பார்த்தார்கள். சில்வெலின் தோள் நூலளவு முன்னால் இருந்தது. ஆஃப்சைட், கோல் செல்லாது.

ஆட்டம் முடிந்து கோப்பையை லெஸ்டர் கீப்பர் ஷ்மைக்கலும் மார்கனும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். அந்த சீசனோடு மார்கன் ஓய்வு பெற்றார். அந்தத் தோள் மட்டும் நூலளவு பின்னால் இருந்திருந்தால், தேடுபொறியில் அவர் பெயரைப் போட்டதும் முதலில் எந்த வீடியோ வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.