வயலின் வாங்கும் முன் பிள்ளையின் கையை அளந்தீர்களா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. அடுத்த பருவத்திலிருந்து பள்ளியில் வயலின் வகுப்பு ஆரம்பிக்கிறது. இணையத்தில் பெட்டி, வில், வில்லின் முடியில் தேய்க்கும் ரோசின் என்ற பிசின் கட்டி எல்லாம் சேர்த்து ஒரே செட்டாகக் கிடைக்கிறது. "வளர்கிற பிள்ளைதானே, பெரியதாகவே வாங்கிவிடு, திரும்பத் திரும்பச் செலவு செய்ய வேண்டாம்" என்கிறார் என் மாமியார். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மாமியார் சொல்வது பள்ளிச் சீருடைக்குச் சரி. கைநீளம் அதிகமாக இருந்தால் மடித்துத் தைத்துக் கொள்ளலாம். வயலினை மடிக்க முடியாதே!

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். என் அண்ணன் மகளுக்கு 1/2 அளவு போதும் என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்திருந்தும், அதே மாமியார் கணக்கைப் போட்டு 3/4 அளவு வாங்கிக் கொடுத்தவன் நான். அவளுக்குச் சுண்டுவிரல் எட்டவில்லை. எட்ட வைப்பதற்காக மணிக்கட்டை வளைத்தாள், தோளைத் தூக்கினாள், பத்து நிமிடம் வாசித்தாலே கழுத்து வலி. "எனக்குப் பாட்டு வரவில்லை சித்தப்பா" என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். பாட்டு அவளுக்கு நன்றாகவே வரும், நான் வாங்கிக் கொடுத்த அளவுதான் தப்பு.

அதனால் முதலில் கையை அளக்க வேண்டும். இடது கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்தோரத்திலிருந்து உள்ளங்கையின் நடுப்பகுதி வரை டேப் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 47 செ.மீ. இருந்தால் 1/4, 51 செ.மீ. பக்கம் வந்தால் 1/2, 56 செ.மீ. என்றால் 3/4, 58 செ.மீ.க்கு மேலே போனால் முழு அளவு, அதாவது 4/4. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் மாறும், எனவே இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சின்னதை எடுங்கள். சின்னது கொஞ்ச நாள் கூட ஓடும், பெரியது முதல் நாளிலிருந்தே தொல்லை. கடையில் நேரில் வைத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது: வயலினைத் தோளில் வைத்து, இடது கையை நீட்டி, நுனியில் இருக்கும் சுருளை விரல்களால் வளைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கிய நிலையில் சுருள் உள்ளங்கைக்குள் அடங்கினால் சரியான அளவு. கை விறைத்து நீண்டால்தான் எட்டுகிறது என்றால் பெரியது.

1/2 என்றதும் பாதி நீளம் என்று நினைத்துவிடாதீர்கள். முழு வயலினின் உடல் ஏறத்தாழ 35.5 செ.மீ. என்றால் 1/2 வயலினின் உடல் 31 செ.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

ஏழு வயதுப் பிள்ளை முழு அளவுக்குப் போவதற்குள் இரண்டு மூன்று வயலின் மாற வேண்டியிருக்கும். அதனால் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், பள்ளியிலேயே இரவல் கொடுப்பதும் உண்டு. வாடகை என்றால் மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அளவு மாற்றினால் தனிக் கட்டணம் உண்டா, தந்தி அறுந்தால் யார் பொறுப்பு, பின்னால் சொந்தமாக வாங்க நினைத்தால் இதுவரை கட்டிய வாடகையைக் கழிப்பார்களா. கடைசிக் கேள்விக்கு வாய்வார்த்தையாக "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், கழிக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த செட். எல்லா செட்டும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியைத் திறந்ததும் பலருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது: தந்திகள் தொளதொளவென்று கிடக்கும், குதிரை, அதாவது பிரிட்ஜ், தனியாக ஒரு காகிதத்தில் சுற்றி இருக்கும். உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். வயலின் குதிரையை யாரும் பசை போட்டு ஒட்டுவதில்லை, தந்திகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. ஆனால் அதை நிறுத்துவது முதல் முறையாக வாங்குபவர் செய்கிற வேலை இல்லை. குதிரையின் இரண்டு பாதமும் வயலினின் வளைவுக்கு ஏற்றபடி சீவப்பட்டிருக்க வேண்டும், அதன் உயரம் சரியாக இருக்க வேண்டும். சீவாமல் அப்படியே நிறுத்தினால் தந்தி எட்டாத உயரத்தில் நிற்கும், அழுத்துகிற பிள்ளைக்கு விரல் நுனி எரியும். உள்ளே சவுண்ட்போஸ்ட் என்று ஒரு சின்ன மரக்குச்சி இருக்கிறது, அதற்கும் பசை கிடையாது. தந்திகளை எல்லாம் ஒரே நேரத்தில் கழற்றினால் அது விழுந்துவிடக்கூடும், அதனால் தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

இப்படி எல்லாவற்றையும் சரிசெய்து வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவருவதை செட்டப் என்பார்கள். என்னைக் கேட்டால் மரம், மினுமினுப்பு, பிராண்டு எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். சுமாரான வயலின் நல்ல செட்டப்போடு இருந்தால் பிள்ளை வாசிப்பாள். நல்ல வயலின் செட்டப் இல்லாமல் வந்தால் அலங்காரப் பொருள்தான். "செட்டப் யார் செய்தது?" என்று விற்பவரைக் கேளுங்கள், கேள்வியே புரியாமல் விழித்தால் வேறு கடை.

கையில் எடுத்ததும் பிருடைகளை, அதாவது தந்தியை முறுக்கும் முளைகளை, திருகிப் பாருங்கள். விரல் விட்டதும் 'டிர்ர்' என்று பின்னால் சுழன்றால் சுருதி ஐந்து நிமிடம்கூட நிற்காது. இறுகிப்போய் நகரவே இல்லை என்றாலும் தொல்லைதான். குழந்தைகள் வயலினில் நான்கு தந்திக்கும் ஃபைன் ட்யூனர் இருந்தால் சௌகரியம், சின்னத் திருகாணியை லேசாகத் திருப்பினாலே சுருதி சேர்ந்துவிடும். அப்புறம் விரல் வைக்கிற கறுப்புப் பலகை. நல்லதில் அது கருங்காலி மரம். மலிவானதில் ஏதோ ஒரு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள், வியர்வை பட்டால் விரல் நுனியில் மை ஒட்டும். வெள்ளைத் துணியை லேசாக ஈரமாக்கி ஓரத்தில் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறினாலும் பரவாயில்லை.

வில்லையும் விட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் குச்சி ஒரு பக்கமாகக் கோணியிருக்கக் கூடாது, கடைசியில் உள்ள திருகு தடங்கலில்லாமல் திரும்ப வேண்டும். வாசித்து முடித்ததும் அந்தத் திருகைத் தளர்த்தி வைக்க மகளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள், முறுக்கியபடியே வைத்தால் குச்சி வளைந்துபோகும்.

கேள்வி: மகனுக்கு எட்டு வயது. வகுப்பில் வயலின், வியோலா, செல்லோ மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நான் எதைச் சொல்வது?

பதில்: நீங்கள் சொல்லாதீர்கள், அவன் சொல்லட்டும். மூன்றையும் யாராவது நேரில் வாசிக்க, அவன் பக்கத்தில் நின்று கேட்கட்டும். வயலினின் கீச்சுக் குரல் காதருகிலேயே ஒலிக்கும், அது பிடிக்காத பிள்ளைகள் உண்டு. அவர்கள் செல்லோவின் அடிக்குரலைக் கேட்டதும் அப்படியே நின்றுவிடுவார்கள். செல்லோவை உட்கார்ந்து வாசிப்பதால் கழுத்தில் இடுக்கிக்கொள்ளும் சிரமமும் இல்லை. ஆனால் தூக்கிக்கொண்டு போவது யார் என்பதை வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள், இரண்டாவது மாதத்திலிருந்து அது உங்கள் தோளில்தான் தொங்கும். வியோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த வாத்தியம். அதை வாசிக்க வருகிறவர்கள் பொதுவாகக் குறைவு, எனவே பள்ளி வாத்தியக் குழுவில் இடம் கிடைப்பது எளிது. சின்னப் பிள்ளைகளுக்கு வயலின் உடலிலேயே வியோலா தந்தி கட்டிக் கொடுப்பதும் உண்டு.

கேள்வி: வயலின் வேண்டாம், கிதார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வயது ஒன்பது. ஸ்டீல் தந்தியா, நைலானா?

பதில்: நைலான். ஸ்டீல் தந்தி இழுவிசை அதிகம், விரல் நுனி காய்த்துப்போவதற்குள் ஆசை காய்ந்துவிடும். முழு அளவு கிளாசிக்கல் கிதாரில் தந்தியின் ஒலிக்கும் நீளம் 65 செ.மீ., ஒன்பது வயதுக்கு 1/2 அல்லது 3/4 அளவை மடியில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: நைலான் கிதாரில் பின்னால் ஸ்டீல் தந்தி மாட்டிவிடாதீர்கள், அந்த இழுப்பைத் தாங்கும்படி அதைச் செய்யவில்லை, பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

கேள்வி: தாத்தா வீட்டுப் பரணில் பழைய வயலின் ஒன்று இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது! பேரனுக்குக் கொடுக்கலாமா, விற்கலாமா?

பதில்: உற்சாகத்தைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். புகழ்பெற்ற இத்தாலிய வயலின் தயாரிப்பாளர் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார், அவர் செய்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 650. அவர் பெயர் போட்ட சீட்டு ஒட்டிய வயலின்களோ தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் வந்தன, அந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அதற்காக மோசமான வயலின் என்று அர்த்தமில்லை, பழையதில் நல்ல வேலைப்பாடு இருக்கும். அது பெரும்பாலும் முழு அளவாகத்தான் இருக்கும், பேரன் கை அதற்கு வளர்ந்திருக்கிறதா என்று மேலே சொன்ன மாதிரி அளந்து பாருங்கள். வளர்ந்திருந்தால் வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். விளிம்பில் பசை விட்டிருந்தால் சின்ன வேலை. சவுண்ட்போஸ்ட் நிற்கிற இடத்தில் விரிசல் ஓடியிருந்தால் பெரிய செலவு, அதற்குப் பதில் வேறு வயலினே வாங்கிவிடலாம். பெட்டிக்குள் வில்லின் முடி கொத்துக் கொத்தாக அறுந்து கிடந்தால் பூச்சி வேலை அது. நன்றாக வெயிலில் காயவைத்து, தூசி எடுத்த பிறகே புது வில்லை உள்ளே வையுங்கள். காயவைப்பது பெட்டியை மட்டும்தான், வயலினை வெயிலில் வைத்துவிடாதீர்கள்!

கேள்வி: நேற்று வயலின் வந்தது. வில்லை எப்படி இழுத்தாலும் சத்தமே வரவில்லை, உஸ் என்று காற்று மாதிரிதான் கேட்கிறது. வில் பழுதா? திருப்பி அனுப்பிவிடவா?

பதில்: பொறுங்கள். ரோசின் போட்டீர்களா? புது வில்லின் முடி வழவழவென்று இருக்கும், ரோசின் தூள் ஏறினால்தான் தந்தியைப் பற்றி இழுக்கும். புது ரோசின் கட்டியும் கண்ணாடி போல வழுக்கும், அதன் மேல்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டு, வில்லை அடியிலிருந்து நுனி வரை நிதானமாக ஒரு முப்பது நாற்பது தடவை தேயுங்கள். முடியை மட்டும் விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், கை எண்ணெய் பட்ட இடத்தில் ரோசின் ஒட்டாது. வெள்ளைத் தூள் தெரிய ஆரம்பித்ததும் இழுத்துப் பாருங்கள். அப்போதும் ஊமையாகவே இருந்தால் திருப்பி அனுப்புவது பற்றிப் பேசலாம்.