பல் ஒரு விலங்குடையது, வேர் இன்னொன்றுடையது

விடுமுறை வந்தாலே இந்தப் பகுதிக்கு டைனோசர் கடிதங்கள் குவியும். இந்த முறை நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வயது. மூச்சுக்கு மூச்சு டைனோசர்தான். பிறந்தநாளுக்காக ஓர் ஆன்லைன் கடையில் ‘மொராக்கோ ஸ்பைனோசரஸ் பல், நூறு சதவீதம் அசல், சான்றிதழுடன்’ என்று போட்டிருந்ததை 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு அங்குலம், வேரோடு முழுசாக இருக்கிறது. பையன் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அம்மா, நடுவுல ஒட்டியிருக்காங்க” என்று அழுகிறான். கடைக்காரரைக் கேட்டால் சான்றிதழைப் பாருங்கள் என்கிறார். ஏமாந்துவிட்டேனா? (வாசகி, திருச்சி)

பதில்: முதலில் பையனுக்கு ஒரு சபாஷ். அவன் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்பைனோசரஸ் நம் முதலையைப் போல ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைத்த விலங்கு. அடியில் புதுப் பல் எழும்பும்போது பழைய பல்லின் வேர் கரைந்துவிடும். மேல்பாகம் மட்டும்தான் அது வாழ்ந்த ஆற்றில் விழும். மொராக்கோவின் தென்கிழக்கில் கெம் கெம் படிவுகளில் இவை ஏராளம். ஒரே இடத்தில் கிடைத்த 1,200-க்கும் மேற்பட்ட பற்களை எண்ணிப் பார்த்ததில் சுமார் 45 சதவீதம் ஸ்பைனோசரஸுடையவை. அதனால் அசல் பல் ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. வேரோடு இருப்பதுதான் அரிது. பல் தாடையில் இருக்கும்போதே விலங்கு செத்திருந்தால்தான் வேர் மிஞ்சும்.

வாங்குகிறவர்களோ நீளத்துக்கும் வேருக்கும்தான் காசு கொடுக்கிறார்கள். விடுவார்களா? ஒன்றின் மேல்பாகத்தையும் இன்னொன்றின் வேரையும் பசை போட்டு ஒட்டி, ஒட்டுவாயில் மணலைக் குழைத்துப் பூசிவிடுகிறார்கள். மண்ணிலிருந்து அப்படியே எடுத்தது போல இருக்கும். ‘நூறு சதவீதம் அசல்’ என்று கடைக்காரர் சொல்வதில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இரண்டு துண்டும் ஃபாசில்தான் (புதைபடிவம்தான்), ஆனால் ஒரே பல் இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். பல்லின் மேல் நெடுக ஓடும் வரிகள் ஒட்டுவாயைத் தாண்டியும் அதே நேர்கோட்டில் தொடர்கின்றனவா? மணல் நடுவில் மட்டும் வளையம்போல அப்பியிருக்கிறதா? அந்த மணலுக்குள் காற்றுக்குமிழி தெரிகிறதா? ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அடித்தால் பசை பெரும்பாலும் தனி நிறத்தில் மின்னும். இதோடு நிறுத்துங்கள். ஊசியைக் காய்ச்சிக் குத்துவது, நகப்பூச்சு நீக்கியால் துடைப்பது எல்லாம் வேண்டாம். திருப்பி அனுப்பும்போது “நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள்” என்பார்கள்.

சான்றிதழா? அது கடைக்காரர் வீட்டுப் பிரிண்டரில் வந்த தாள். அடுத்த முறை அதைக் கேட்காதீர்கள், எந்த ஊரில் கிடைத்தது, அதில் என்ன ஒட்டுவேலை, பூச்சுவேலை செய்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதே பல் உடைந்து ஒட்டியது என்றால் பரவாயில்லை. உடைந்துபோய் இல்லாத இடத்தைப் பூசி நிரப்பியது என்றால் விலை குறைய வேண்டும். வெவ்வேறு விலங்குகளைச் சேர்த்தது என்றால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

இதில் ஏமாந்தோமே என்று வெட்கப்பட வேண்டாம். 1999-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகையே ‘ஆர்க்கியோராப்டர்’ என்று ஒரு சீனப் புதைபடிவத்தைப் பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட விலங்கு என்று கொண்டாடியது. கடைசியில் பார்த்தால் பறவை உடம்பில் டைனோசர் வாலை ஒட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் 80,000 டாலர் கொடுத்து வாங்கிய பொருள் அது.

இனிப் பணத்துக்கு வருவோம். புகாரில் ‘போலி’ என்று எழுதாதீர்கள். போலி என்றால் நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும், அவரும் “ஃபாசில்தானே” என்பார். ‘விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை’ என்று எழுதுங்கள். அப்படிப்பட்ட பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. திருச்சியிலேயே மனுப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு அது மாறிவிடும்.

கேள்வி: எனக்கு 34 வயது, டைனோசர் உருவங்கள் சேகரிக்கிறேன். (வீட்டில் சிரிக்கிறார்கள், அது வேறு கதை.) ‘அறிவியல்படி துல்லியமானது, 1:40 அளவு’ என்று போட்டதை நம்பி டி. ரெக்ஸும் வெலாசிராப்டரும் வாங்கினேன். ரெக்ஸ் 18 செ.மீ., ராப்டருக்கு ஓர் இறகு இல்லை. எதை நம்பி வாங்குவது? (வாசகர், கோவை)

பதில்: அளவுகோலை நம்புங்கள். வளர்ந்த ரெக்ஸ் சுமார் 12 மீட்டர். நாற்பதால் வகுத்தால் 30 செ.மீ. வர வேண்டும். 18 செ.மீ. என்றால் அது 1:67. வாங்கும் முன்பே செய்யக்கூடிய கணக்கு, திருப்பி அனுப்பவும் இது ஒன்றே போதும்.

இறகு விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயமானது. வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த முண்டுகளை 2007-இலேயே காட்டிவிட்டார்கள். விலங்கும் வான்கோழி அளவுதான். ஆனாலும் மொட்டை ராப்டர்தான் விற்கிறது, சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. ‘துல்லியம்’ என்ற சொல்லுக்கு யாரும் முத்திரை குத்துவதில்லை, எனவே படத்தில் கைகளைப் பாருங்கள். இரண்டு கால் வேட்டை டைனோசர்களால் உள்ளங்கையைத் தரை பார்க்கத் திருப்ப முடியாது. கைதட்டப் போகிறவர் போல உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கினால், பொம்மையைச் செய்தவர் எதையும் படிக்கவில்லை என்று நான் முடிவுகட்டிவிடுவேன். கொஞ்சம் கொடூரமான சோதனைதான், ஆனால் எனக்குப் பலமுறை காசு மிச்சம்.

கேள்வி: பேத்திக்கு ‘12 டைனோசர்’ பெட்டி வாங்கினேன். இதில் பத்துதான் டைனோசர் என்கிறாள். பறப்பதும், முதுகில் பாய்மரம் வைத்ததும் கணக்கில் வராதாம். பணம் திரும்பக் கிடைக்குமா? (தாத்தா, மதுரை)

பதில்: பேத்தி சொல்வது சரி. பறப்பது டெரோசர், தனி வம்சம். பாய்மரம் வைத்த டைமெட்ரோடான், டைனோசர்கள் தலைகாட்டுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது, பாலூட்டிகளான நமக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். இதற்கு வழக்குப் போட்டால் நீதிபதி சிரிப்பார். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து குழந்தைகள் பொம்மைக்கு அது கட்டாயம். இல்லையென்றால் பன்னிரண்டும் டைனோசராக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஒருவர், குன்னம் குளத்தில் கிடைத்த டைனோசர் முட்டை என்று ஒன்றை 15,000 ரூபாய்க்குத் தருகிறார். பள்ளிக்கு வாங்கி வைக்கலாமா? (ஆசிரியர், பெரம்பலூர்)

பதில்: வேண்டாம் சார். 2020-இல் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டைக் கற்கள் வந்தன, முட்டை என்று செய்தி பரவியது. புவியியலாளர்கள் பார்த்து, முட்டை இல்லை என்றார்கள். உங்கள் மாவட்டம் அந்தக் காலத்தில் கடல். செத்த அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரி) போன்ற ஒன்றைச் சுற்றித் தாதுக்கள் படலம் படலமாகத் திரண்டால் இப்படிப்பட்ட உருண்டை உருவாகும். உடைந்த ஓரத்தைப் பார்த்தால் வெங்காயம் போலச் சுற்றுகள் தெரியலாம். முட்டையென்றால் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரே ஓடு இருக்கும், அதில் நுண்துளைகள் இருக்கும்.

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் நேர்மாறாக நடந்தது. குலசாமி என்று காலங்காலமாகக் கும்பிட்ட உருண்டைக் கற்கள் டைட்டனோசர் என்ற டைனோசர் வகையின் முட்டைகள் என்று தெரியவந்தது. அங்கே சாமி முட்டையானது, இங்கே முட்டை கல்லானது.

அவர் கேட்கும் பணத்தில் ஒரு வகுப்பையே வேன் பிடித்து அழைத்துப் போகலாம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது, அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. வேன் வாடகையும் சாப்பாடும் போக மீதியும் இருக்கும்.