தழும்பு மேடா எழும்பியிருக்கு, மைக்ரோநீட்லிங் பண்ணலாமா?

இந்த தடவை வந்த கடிதங்கள்ல நிறைய தழும்பைப் பத்திதான் இருந்துச்சு, அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயசு, பினாங்கு ஜெலுத்தோங்ல இருக்கேன். நெஞ்சுல பரு வந்து ஆறின இடத்துல ரெண்டு தழும்பு மேடா எழும்பி நிக்குது, ஒண்ணு சுண்டு விரல் நீளத்துக்கு வந்துருச்சு, வேர்த்தா ஒரே அரிப்பு. தை மாசம் கல்யாணம், ரவிக்கை கழுத்தை நினைச்சாலே அழுகையா வருது. ஒரு பியூட்டி சென்டர்ல கேட்டப்ப மைக்ரோநீட்லிங் 6 தடவை பண்ணா தட்டையாயிடும், பேக்கேஜ் 1,800 வெள்ளி, இப்பவே புக் பண்ணா டிஸ்கவுண்ட்னு சொல்றாங்க. என் தோழிக்கு முகத்துல இருந்த பரு குழியெல்லாம் இதுலதான் நல்லா குறைஞ்சுச்சு. நானும் பண்ணிக்கட்டுமா?

பதில்: வேணாம்மா. காசு கட்டலைன்னா கட்டாதீங்க, டெப்பாசிட் கட்டியிருந்தா திருப்பிக் கேளுங்க.

உங்க தோழிக்கு குறைஞ்சுச்சுல்ல, அது உண்மைதான், அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா அவங்களுக்கு இருந்தது குழி, உங்களுக்கு இருக்கறது மேடு. குழித் தழும்புல கொலாஜன், அதாவது தோலை தாங்கிப் பிடிக்கற புரதம், பத்தாம தோல் உள்ள இறங்கி கிடக்கு, அங்க மெல்லிசு ஊசியால நூத்துக்கணக்குல குட்டி குட்டி ஓட்டை போட்டா, உடம்பு அதை காயம்னு நினைச்சு புதுசா கொலாஜன் உண்டாக்கும், குழி கொஞ்சம் கொஞ்சமா மேல வரும். உங்களுக்கு இருக்கறது நீங்க சொல்றதை வச்சு பாத்தா கீலாய்டு மாதிரி இருக்கு, அதுல கொலாஜன் ஏற்கனவே அளவுக்கு மீறி போயிருச்சு. வீடு கட்டி முடிச்சப்புறமும் மேஸ்திரி போகாம செங்கலை அடுக்கிட்டே இருக்கற கதைதான், அவரை மறுபடியும் வேலைக்கு கூப்பிட்டா என்ன ஆகும்? ஏற்கனவே கீலாய்டு வந்த உடம்புல, அதுவும் நெஞ்சுல, ஊசியால குத்தறது புதுசா காயம் பண்றதுதான், இருக்கற மேடு இன்னும் பெருசாகலாம், சுத்தி குத்தின இடத்துல புதுசாவும் கிளம்பலாம். அதனாலதான் கீலாய்டு வர்ற உடம்புன்னு தெரிஞ்சா சாதா மைக்ரோநீட்லிங் வேணாம்னு தோல் டாக்டருங்க சொல்றாங்க.

இது கீலாய்டுதானான்னு கொஞ்சம் கண்ணால பாத்தே கணிக்கலாம். காயம் எந்த அளவு இருந்துச்சோ அந்த எல்லைக்குள்ளயே மேடா நின்னா அது ஹைப்பர்ட்ரோஃபிக் தழும்பு, அது பெரும்பாலும் ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல தானா அடங்க ஆரம்பிக்கும். கீலாய்டு அப்படி இல்ல, ஒரு மிளகு சைஸ் பருவுல ஆரம்பிச்சு பக்கத்துல இருக்கற நல்ல தோல் மேலயும் ஏறிப்போகும், மேல் பக்கம் பளபளன்னு இருக்கும், முடி முளைக்காது, தொட்டா ரப்பர் மாதிரி கெட்டியா இருக்கும், ஓரம் சிவந்தோ கருஞ்சிவப்பாவோ இருந்தா அது இன்னும் வளர்ந்துட்டு இருக்குன்னு அர்த்தம். நெஞ்சுல வர்றது ரெண்டு பக்கமும் குறுக்கால நீளும், ஏன்னா கை அசைக்கற ஒவ்வொரு தடவையும் அங்க தோல் இழுபடுது. நம்ம மாதிரி கருத்த தோல்காரங்களுக்கு இது கூடுதல், குடும்பத்துல யாருக்காவது இருந்தா இன்னும் கூடுதல். நீங்க சொல்ற அரிப்பும் இதோட சேர்ந்ததுதான், சொறியாதீங்கம்மா.

சரி, என்ன பண்றது? முதல்ல போடறது ட்ரையாம்சினோலோன்னு ஒரு ஸ்டீராய்டு ஊசி, தழும்புக்குள்ளயே போடுவாங்க, 4லிருந்து 6 வாரத்துக்கு ஒரு தடவை, பல தடவை போடணும். வலிக்கும், உங்ககிட்ட மறைக்கல. முதல் தடவை தழும்பு கல்லு மாதிரி இருக்கும், மருந்து உள்ள போகவே மாட்டேங்கும், டாக்டர் கட்டை விரலை அழுத்தி தள்ளுவாங்க, மருந்து இறங்கற இடம் அப்படியே வெளுத்து வரும், அப்பதான் சரியான எடத்துல போகுதுன்னு தெரியும். சில டாக்டருங்க முன்னாடியே லிக்விட் நைட்ரஜன் அடிச்சு கொஞ்சம் இளக வச்சிட்டு போடுவாங்க. ரெண்டு மூணு தடவைக்கப்புறம் அரிப்பு குறையும், அதுதான் முதல் நல்ல அறிகுறி, அப்புறம்தான் மேடு இறங்கும். கெட்டியா இருந்தா ஃபைவ் எஃப்யூன்னு இன்னொரு மருந்தையும் கலந்து போடுவாங்க, ஆனா கர்ப்பமா இருந்தாலோ ஆகப்போறோம்னு இருந்தாலோ அது கூடாது, கல்யாணம்னு சொன்னீங்கல்ல, அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. ஸ்டீராய்டு ஊசியால தோல் மெல்லிசாகலாம், அந்த இடம் வெளுத்துப் போகலாம், பீரியட்ஸ் கொஞ்சம் முன்ன பின்ன ஆகலாம், சக்கரை வியாதிக்காரங்களுக்கு சக்கரை ஏறலாம்.

வீட்டுல நீங்களே பண்ணக்கூடியது சிலிகான் ஷீட். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு குறையாம ஒட்டியிருக்கணும், ரெண்டு மூணு மாசமாவது விடாம. பினாங்கு சூட்டுக்கு வேர்த்து வேர்த்து கழண்டு வரும்தான், கழுவி காய வச்சு மறுபடியும் ஒட்டுங்க, வேர்க்குரு வந்தா ரெண்டு நாள் விட்டுட்டு ஒட்டுங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்கம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி வெட்டி எடுத்துடலாம்னு யார் சொன்னாலும் சரின்னு சொல்லிடாதீங்க. வேற எந்த சிகிச்சையும் சேர்க்காம வெறும வெட்டினா பாதிக்கு மேல மறுபடியும் வரும், பழசை விட பெருசாவும் வரும். தை மாசத்துக்குள்ள முழுசா தட்டையாகும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், ஆனா இப்பவே ஆரம்பிச்சா அரிப்பு நிக்கும், மேடு ஓரளவு இறங்கும், மிச்சத்தை மேக்கப் பார்த்துக்கும். தையல்கார அக்காகிட்ட கழுத்தை ரெண்டு இன்ச் ஏத்தச் சொல்லுங்க. உங்க கல்யாணத்தன்னைக்கு நீங்க அந்த தழும்பை நினைச்சுட்டே உக்காந்திருக்கக் கூடாது, எனக்கு அதுதான் ஆசை.

1,800 வெள்ளி தூக்கிக் குடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போய் காட்டி, பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்கு ஒரு லெட்டர் வாங்குங்க. அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும், அதனால நாளைக்கே போங்க.

கேள்வி: வணக்கம் டாக்டர், நான் புக்கிட் மெர்தாஜம்ல வீட்டோட சின்னதா பியூட்டி பார்லர் வச்சிருக்கேன். கோர்ஸ் முடிச்சு டெர்மாபென், அதான் மைக்ரோநீட்லிங் பண்ற பேனா மாதிரி கருவி, வாங்கியிருக்கேன். கஸ்டமருங்க கீலாய்டுக்கும் பண்ண சொல்லி கேக்கறாங்க. வெளிநாட்டுல டாக்டருங்களே கீலாய்டுக்கு மைக்ரோநீட்லிங் பண்றாங்கன்னு படிச்சேன், அப்புறம் நாங்க பண்ணா மட்டும் ஏன் தப்பு?

பதில்: கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம், கேக்காமலே பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க. நீங்க படிச்சது பொய் இல்ல சகோதரி. ஆனா அங்க ஊசிங்கறது மருந்தை உள்ள கொண்டு போற வழி மட்டும்தான், வேலை செய்யறது ஸ்டீராய்டு, ஊசி குத்தறது இல்ல. குட்டி ஊசியிலேயே ஸ்டீராய்டை வச்சு, தோல்ல ஒட்டினா ஊசியே கரைஞ்சு போற மாதிரி பேட்ச் செஞ்சு சிங்கப்பூர்ல கீலாய்டுக்கு சோதனை பண்ணியிருக்காங்க, ஒட்டற வரைக்கும் தழும்பு சுருங்குச்சு, நிறுத்தினதும் மறுபடியும் ஏற ஆரம்பிச்சுச்சு. கீலாய்டு எவ்வளவு பிடிவாதமானதுன்னு இதுலயே தெரியும். உங்க பென்ல அந்த மருந்து இல்ல, இருந்தாலும் ஸ்டீராய்டை உள்ள ஏத்தறது டாக்டர் மட்டும் செய்யற வேலை. நம்ம நாட்டுல ஸ்பெஷலிஸ்ட் இல்லாத டாக்டரே அழகு சிகிச்சை பண்ணணும்னா சுகாதார அமைச்சுகிட்ட எல்.சி.பி.ன்னு ஒரு அனுமதிக் கடிதம் வாங்கியிருக்கணும், தோலை குத்தி ரத்தம் வர வைக்கற எதையும் பார்லர்ல பண்ணக் கூடாது, முகக் குழிக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

இன்னொன்னும் சொல்லணும். அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல லைசென்ஸ் இல்லாத ஒரு ஸ்பா, ரத்தத்தை எடுத்து ஊசியோட முகத்துல ஏத்தற ஃபேஷியல் பண்ணிட்டு இருந்துச்சு, 2018ல அதை மூடினாங்க. அங்க போன கஸ்டமருங்க மூணு பேருக்கு அந்த ஃபேஷியலாலதான் எச்.ஐ.வி. வந்திருக்கணும்னு 2024ல அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அறிக்கை போட்டுச்சு. ஒருத்தருக்கு குத்தின ஊசி இன்னொருத்தருக்கு போனா ஹெபடைடிஸ் பி, சி எல்லாமே போகும், ஸ்பிரிட் வச்சு துடைச்சா போதாது. உங்க கஸ்டமரு உங்களை நம்பித்தான் முகத்தை காட்டறாங்க, பென்னை பொட்டியிலேயே வச்சிடுங்க. யாருக்காவது மேடா தழும்பு பாத்தீங்கன்னா டாக்டர்கிட்ட அனுப்புங்க, அவங்க காலத்துக்கும் உங்களை மறக்க மாட்டாங்க.

கேள்வி: ஐயா அம்மா யாரா இருந்தாலும் வணக்கம். நான் பட்டர்வொர்த்ல லோரி ஓட்டறேன். என் மகனுக்கு 19 வயசு, கடுக்கன் போட காது குத்தி பின்பக்கம் கொட்டைப்பாக்கு சைஸ்ல சதை வளர்ந்துருச்சு. அவன் ஆன்லைன்ல ஊசி ரோலர் வாங்கி தினம் உருட்டறான். அதோட வர்ற தைப்பூசத்துக்கு தண்ணீர்மலையில அலகு குத்தணும்னு வேண்டிக்கிட்டான். என்ன செய்யறது?

பதில்: அண்ணே, ரோலரை இன்னைக்கே தூக்கி குப்பையில போடுங்க. வீட்டுல உருட்டற ரோலர் ஊசி பெரும்பாலும் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், பாக்கு சைஸ் கட்டிக்கு அது மேல கீறி கீறி புண்ணாக்குமே தவிர ஒண்ணும் குறையாது.

காதுல வர்ற கீலாய்டுக்கு நல்ல வழி இருக்கு, பயப்படாதீங்க. அங்க வெட்டி எடுத்துட்டு, உடனே ஸ்டீராய்டு ஊசி போட்டு, காயம் ஆறினப்புறம் அழுத்தற மாதிரி ஒரு கிளிப்பை மாசக்கணக்குல காதுல மாட்டி விடுவாங்க, ரொம்ப பிடிவாதமா திரும்பத் திரும்ப வர்றதுக்கு ஆபரேஷன் முடிஞ்ச ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ரேடியேஷன் கூட குடுப்பாங்க. கிளிப்பை ஒழுங்கா மாட்டறானான்னு நீங்கதான் பாத்துக்கணும், 19 வயசு பையன் சீக்கிரம் கழட்டிடுவான்.

அலகு விஷயத்துல நான் சாமி விஷயத்துல தலையிடறேன்னு நினைச்சுக்காதீங்க, நானும் தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ஏறறவதான். அலகு குத்தி ஒண்ணும் ஆகாம ஆறிப் போனவங்க எத்தனையோ பேர். ஆனா ஒரு தடவை கீலாய்டு வந்த உடம்புல முதுகு முழுக்க கொக்கி மாட்டினா, ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கட்டியா வர வாய்ப்பிருக்கு, முதுகும் தோளும் கீலாய்டுக்கு ரொம்ப பிடிச்ச இடம். பால்குடம் எடுக்கலாம், அலகு இல்லாம காவடி தூக்கலாம், முடி இறக்கலாம். கோயில்ல பெரியவங்க யாரையாவது விட்டு அவன்கிட்ட பேச வைங்க, நாம சொன்னா கேக்காத பிள்ளைங்க அவங்க சொன்னா கேக்கும். பச்சை குத்தறதுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: எனக்கு 41 வயசு, ஆயர் ஈத்தாம். இடது கை மேல பிசிஜி (காசநோய் தடுப்பு) ஊசி போட்ட இடம் சின்ன வயசுலேர்ந்தே மேடா இருக்கு. அரிப்பு வலி எதுவும் இல்ல, வளரவும் இல்ல. இதுக்கு ஏதாவது பண்ணணுமா?

பதில்: ஒண்ணும் பண்ண வேணாம்மா, தொடாம விட்டுடுங்க. பிள்ளைங்களுக்கு காது மூக்கு குத்தறதுன்னா மட்டும் உங்களுக்கு இப்படி இருக்குன்னு முன்னாடியே சொல்லுங்க.